மூன்று புள்ளிகளுக்கு முன்

ஜெலுத்தோங்கில் இரும்புக்கடைக்கு மேல்மாடி.
பூபாலன் அண்ணனின் இணையதளத்தில் பதினான்கு பக்கங்கள்.
பதினான்குக்கும் ஒரே தலைப்பு:
முகப்பு.
எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டுச்
சாப்பிடக் கூப்பிட்டால்
யார் வருவது?

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில்
அவரே ஒன்று எழுதி வந்திருந்தார்:
'குணரத்தினம் அண்ட் சன்ஸ் ஈமச்சடங்குச் சேவை,
பினாங்கு நம்பர் ஒன், நம்பிக்கை, நாணயம்.'
திரையில் போட்டுக் காட்டினேன்.
தேடுபொறி நமக்குத் தருவது ஒரு சாண் அகலம்.
மிஞ்சினால் கத்தரித்து
மூன்று புள்ளி வைத்துவிடும்.
வைத்தது:
'குணரத்தினம் அண்ட் சன்ஸ் ஈமச்சடங்குச் சேவை, பினா...'
வேகமாகப் படித்தால் வேறொன்று காதில் விழுகிறது.
அவருக்கும் விழுந்தது.
"இந்தத் தொழிலுக்கு அதுவும் பொருத்தம்தாம்மா" என்றார்,
சிரிக்காமல்.

தமிழுக்கு இந்த ஒரு சாண் கொஞ்சம் கொடுமை.
கொ என்று எழுதினால்
கொம்புக்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம்,
நடுவில் ஒண்டிக்கொண்டு க.
மெய்யெழுத்தின் புள்ளி மட்டும்
தலைமேல் ஏறி
வாடகை தராமல் வரும்.

"ஈமச்சடங்குன்னு யாருண்ணே தேடுறா?"
போன மாதம் ஜனங்கள் தட்டியதைத் திறந்து வைத்தேன்.

அப்பா மூச்சு விடல என்ன செய்யனும்
வீட்ல இறந்தா போலிஸ் வரனுமா
ஐஸ் பெட்டி வாடகை எவ்ளோ
ஐஸ் பெட்டி வாடகை பட்டர்வொர்த் உடனே
கொழந்தைக்கு எரிக்கறதா பொதைக்கறதா

எத்தனை மணிக்குத் தட்டினார்கள் என்று
அந்தப் பட்டியல் சொல்லவில்லை.
எழுத்துப்பிழைகளில் தெரிந்தது
ராத்திரி.

கீழே யாரோ இரும்புக் குழாய் அறுத்தார்கள்.
அது ஓயும்வரை
இருவரும் ஒன்றும் பேசவில்லை.

பிறகு எழுதினேன், பக்கத்துக்கு ஒன்றாக.
'வீட்டில் ஒருவர் இறந்தால் முதலில் செய்ய வேண்டியது.'
'ஐஸ் பெட்டி வாடகை: ஒரு நாளுக்கு எவ்வளவு?'
"விலையா? தலைப்புலயா? மரியாதையா இருக்காதும்மா."
"கேக்கக் கூச்சப்பட்டுத்தாண்ணே போன்ல தட்டுறாங்க."
எவ்வளவு என்று வாசலில் எழுதிவிட்டு
உள்ளே குத்துவிளக்குப் படம் மட்டும் வைத்தால்
அது பொய் என்றேன்.
வெகுநேரம் பேனாவைத் திறந்து மூடி
ரிங்கிட்டில் ஓர் எண் சொன்னார்.
பிறகு அதில் இருபது குறைத்தார்.

சோதிக்க வேண்டும்.
அப்பா என்று தட்டினேன்.
மீதியை அதுவே நீட்டியது:
அப்பா பிறந்தநாள் வாழ்த்து,
அப்பாவுக்கு என்ன பரிசு வாங்கலாம்.
ஆயர் ஈத்தாமில் என் அப்பா இந்நேரம்
செய்திக்கு முன் தூங்கிப்போயிருப்பார்.
விரல் அதற்குமேல் போகவில்லை.
"அண்ணே, நீங்க தட்டுங்க.
உங்களுக்குத்தான் அப்பா இல்லையே."
சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

அவர் ஒற்றை விரலால் தட்டினார்,
காகிதத்தில் எழுதுகிறவர்போல நிதானமாக,
எழுத்துப்பிழை இல்லாமல்.
"மூணாவதா வருதும்மா."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப்
போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.
"அப்பா பேரு இல்லையே இதுல."

குணரத்தினம்.
ஐந்து எழுத்து, ஒரு துணைக்கால், மூன்று இலவசப் புள்ளி.
எண்ணிப் பார்த்தேன், எந்தத் தலைப்பிலும்
கேள்விக்குப் பிறகு இடம் இல்லை.
'எங்களைப் பற்றி' பக்கத்தில் வைத்தேன்,
முதலிலேயே, முழுதாக.
அதை யாரும் தேடுவதில்லை என்று
அவரிடம் சொல்லவில்லை.

மாத அறிக்கையில்
பச்சை அம்பு மேலே பார்க்கிறது.
மூன்று பேர் வந்த பக்கத்துக்கு நாற்பத்தொரு பேர்.
'வாழ்த்துகள்' என்று தானாகவே
ஒரு வரி இருந்தது அதில்.
அழித்துவிட்டு அனுப்பினேன்.