நாற்பத்தொன்று

கிண்ணியாப் பாலம் கடந்து
ஓட்டோவில் கொண்டுவந்தார்கள், விடியப்புறம் மூன்று பத்துக்கு.
புருவத்தில் மா.
போறணையடியிலிருந்து அப்படியே எழும்பி வந்த பேக்கரிக்காரன்,
நௌபர், வயது முப்பத்திநாலு,
இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு,
பிறகு ஒரு சொல்லுக்கு.

நெபுலைசர், ஸ்டீரொயிட், நாளத்தில் மக்னீசியம்.
இழுப்பு வாசல்வரை கேட்டது,
காவலாளி எட்டிப் பார்க்குமளவுக்கு.

மூன்று ஐம்பதுக்கு அது நின்றது.

"சத்தம் நிண்டுட்டு மிஸ்,"
அழுத முகத்தோடேயே சிரித்தாள் ஜெஸீனா,
"ஆளுக்கு இப்ப சொகம்தானே?"

ஸ்டெத்தை வைத்தேன்.
வலம். இடம். முதுகு.
காற்றே போகாத இடத்தில்
சத்தம் எங்கே இருக்கும்?

இரத்தத்தின் கணக்கை இசுரு வாசித்தான்:
காபனீரொட்சைட் நாற்பத்தொன்று.
"நோமல், மெடம்."
நோமல்தான்,
உனக்கு, எனக்கு, வாசல் காவலாளிக்கு.
நிமிடத்துக்கு நாற்பது தரம் மூச்சடிக்கிறவனுக்கு
அது இருபத்தெட்டில் கிடக்கவேணும்.
ஓடிக்கொண்டிருந்தவன் நடக்கத் தொடங்கியிருக்கிறான்.
இனி இருந்துவிடுவான்.

மார்கழியில் ஒருத்தி, மூதூர்.
இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம் என்றேன்.
அவளுடைய ஒற்றைச் செருப்பு
கட்டிலடியில் ஒரு கிழமை கிடந்தது.

குழாய் போட்டாலும் போகக்கூடும்.
அதையும் ஜெஸீனாவுக்குச் சொன்னேன்.
தலையாட்டினாள். கேட்டாளோ தெரியாது.

கெற்றமின். ஒரே தரத்தில் குழாய் இறங்கிற்று.
பிறகுதான் பாடு.
பயத்தில் இசுரு பையை அமுக்கு அமுக்கென்று அமுக்க
பிரஷர் அறுபதுக்கு விழுந்தது.
"கழற்று!"
பையைக் கழற்றி, இரண்டு கையாலும் விலாவை அமர்த்தினேன்.
அடைபட்டுக் கிடந்த காற்று
நீளமாக, சோம்பலாக வெளியே வந்தது.
"இழுக்கத் தெரிஞ்ச நெஞ்சு இது இசுரு,
விடத்தான் மறந்துபோச்சு.
ஒருக்கா அமுக்கு. ஏழு எண்ணுமட்டும் சும்மா இரு."

சும்மா இருப்பது.
ஒரு மூச்சுக்கும் மறு மூச்சுக்கும் நடுவில்
ஒரு தட்டுப் பாண் வெந்து இறங்கிவிடும்போல இருந்தது.
யன்னலுக்கு வெளியே
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
குப்பைவாளியடியில் எதையோ மென்றது.
அதன் தாடையைப் பார்த்துப் பார்த்து எண்ணினேன்.

ஆறரைக்குத் திரும்பவும் ஸ்டெத்.
தூரத்தில் ஒரு கீச்சு. பிறகு கிட்ட. பிறகு நெஞ்சு முழுக்க.
ஜெஸீனாவைக் கூப்பிட்டு
அவள் காதில் மாட்டிவிட்டேன்.
முகம் வெளிறிப்போயிற்று.
"திரும்ப முட்டா மிஸ்?"
"ஓம்," என்றேன், "ஓம்,"
எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை.