வித்தியாசம் நானூற்று இருபது

ராணிப்பேட்டை சிப்காட்டில்
ஷூ கம்பெனி கணக்குப் பிரிவில் பதினோரு வருஷம்.
ஐம்பது காசு உதைத்தாலும்
அந்த ராத்திரி எனக்குச் சோறு இறங்காது.

அதனால்தான்
இவருக்கு ஈரலில் கொழுப்பு என்று
தோட்டப்பாளையம் டாக்டர் ஸ்கேனைத் தூக்கிக் காட்டியதும்
அந்த ஆப்பை என் போனிலும் ஏற்றிக்கொண்டேன்.
காலையும் இரவும் நான் எழுதுவேன்.
மதியமும் கடை நேரமும் அவர்.

உணவு ஆலோசகர்ப் பெண் ஒரு தாள் கொடுத்தாள்.
மாவுச்சத்து கிராமுக்கு நாலு கலோரி,
புரதம் நாலு,
கொழுப்பு ஒன்பது.
மூன்று பேரேடு, ஒரு மொத்தம்;
எனக்கு உடனே பிடிபட்டது.
அவருக்கு வட்டத்தின் நிறம்தான் தெரியும்.
மஞ்சள் நிறைந்தால் களி போதும்,
நீலம் காலி என்றால் இன்னொரு முட்டை.
"சிவப்பு தாண்டிடுச்சா? இன்னா பண்றது,
கடலைய உரிச்சிட்டேனே."
வேர்க்கடலை முழுக்கப் புரதம் என்று நம்பி
ஒரு மாதம் தின்றவர்.
பாதிக்குப் பாதி எண்ணெய் என்று காட்டியபோது
சீட்டுக் கம்பெனி ஓடிப்போனதைப் போல உட்கார்ந்திருந்தார்.

முள்ளுக்கத்திரிக்காய் அந்தப் பட்டியலில் இல்லை.
வெறும் கத்திரிக்காயைப் போட்டு
மனசு கேட்காமல் ஐந்து கிராம் எண்ணெய் கூட்டினேன்.
ஆம்பூர் பிரியாணிக்கு
ஏழு பேர் ஏழு எண் எழுதி வைத்திருந்தார்கள்,
எதிலும் தணிக்கை இல்லை.
நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டேன்.

நேற்று சனிக்கிழமை.
சத்துவாச்சாரி மலை
பகலில் வாங்கிய வெயிலைத் திருப்பித் தந்துகொண்டிருந்தது.
தூக்கம் வராமல் கூட்டிப் பார்த்தேன்.
மாவு இருநூற்று நாற்பது கிராம், புரதம் அறுபத்தைந்து,
கொழுப்பு அறுபது.
பெருக்கினால் ஆயிரத்து எழுநூற்று அறுபது.
ஆப் சொல்வது இரண்டாயிரத்து நூற்று எண்பது.

நார்ச்சத்தோ என்றால்
நார் குறைக்கும், கூட்டாது.
தசமத்தைத் தள்ளியதில் ஐந்து வரும், பத்து வரும்.
நானூற்று இருபது வராது.

வரி வரியாக இறங்கினேன்.
இரவு எட்டு பத்துக்கு
'ஜூஸ்' என்று ஒன்று.
கலோரி மட்டும் இருக்கிறது.
மூன்று கட்டமும் வெறுமை.

சர்க்கரை இல்லாத ஜூஸ்
வேலூரில் எந்தக் கடையில்?

போன சனிக்கிழமையும் நானூற்று இருபது.
அதற்கு முந்தியதும்.
ஆடிக் கிருத்திகைக்கு மாலை போட்டிருந்த வாரம் இல்லை.
ஜெராக்ஸ் கடை வாடகை ஏறிய வாரம் எண்ணூற்று நாற்பது;
அன்று காட்பாடி பாலத்தில் லாரி நின்றுவிட்டதென்று
பதினொன்றுக்கு வந்தார்.

தாளை மறுபடி எடுத்தேன்.
மடிப்பு விழுந்த இடத்தில்
பொடி எழுத்தில் நாலாவது வரி:
மது, கிராமுக்கு ஏழு.
அடிக்குறிப்பு படித்தே சம்பளம் வாங்குகிறவள்
இதைப் படிக்கவில்லை.

ஏழால் வகுத்தேன்.
அறுபது. மீதி இல்லை.
அறுபது கிராம் எவ்வளவு என்று தேடினேன்.
ஒரு குவார்ட்டர்.

உண்மையைச் சொன்னால், முதலில் வந்தது
டேலி ஆன நிம்மதி.
அப்புறம்தான் மற்றது.

என்னிடம் கடையில் கூட்டம் என்றார்.
டாக்டரிடம் நிறுத்தி ஆறு மாதம் என்றார்.
போனிடம் மட்டும்
பெயரை மாற்றினாரே தவிர
ஒரு கலோரி குறைத்துச் சொல்லவில்லை.
அவரும் எங்கோ தேடித்தான்
அந்த எண்ணை எடுத்திருக்க வேண்டும்,
கடையை அடைத்துவிட்டு, வாய் நாற,
கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

உள்ளே தணிகைவேல் குப்புறப் படுத்துத் தூங்குகிறார்.

'புதிய உணவு சேர்' என்று ஓர் இடம் உண்டு.
பெயர்: குவார்ட்டர்.
மாவு பூஜ்யம். புரதம் பூஜ்யம். கொழுப்பு பூஜ்யம்.
கலோரி நானூற்று இருபது.
அடுத்த வாரம் அவர் பட்டியலைத் திறந்தால்
முதலில் நிற்பது அதுதான்.

எழுத்துப்பிழை இருக்கிறதா என்று
ஒரு தடவை பார்த்தேன்.
சேமித்துவிட்டு விளக்கை அணைத்தேன்.