விசிறி இல்லாத இரவு

மூன்றரைக்கு எழ வேண்டும் நான்.
நாலரைக்குப் பணிமனையிலிருந்து
முதல் டிராமை வெளியே எடுக்க வேண்டும்.
விஸ்மாவுக்கு வேலையே இரவில்தான்:
ஜெர்மன் சலவை எந்திரங்களும் இருமல் மருந்துகளும்
அவள் வழியாகத்தான் லாட்விய மொழி பேசுகின்றன.
எங்களுக்கு இருப்பது ஓர் அறை.
ரீகாவில், ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
ஆகென்ஸ்கல்ன்ஸில் ஒரு மரவீட்டின் மாடி.
கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே
ஒரு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் தூரம்.

அவளுடைய விண்டோஸ் மடிக்கணினிக்கு ஏழு வயது.
பத்து மணிக்கு முனகத் தொடங்கும்.
பதினொன்றுக்கு, பாலத்தில் ஏறும் என் டிராம் போல இரையும்.
பன்னிரண்டுக்கு அப்டேட் என்று
யாரையும் கேட்காமல் தானே படுத்துத் தானே எழும்.
தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு
ஒரு நாள் சொல்லிவிட்டேன்:
ஒன்று அது, இல்லை நான்.
'இரண்டின் விலையையும் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்' என்றாள்.

வெப்பமூட்டும் கட்டண ரசீதின் பின்பக்கம்
நடுவே ஒரு கோடு போட்டாள்.
மேக்: விசிறியே கிடையாது.
மேக்: காலையில் ஏற்றிய சார்ஜ் நள்ளிரவு தாண்டும்.
மேக்: இரண்டரை மாதச் சம்பளம் (உன்னுடையது).
விண்டோஸ்: கைக்குப் பழக்கம்.
விண்டோஸ்: பாதி விலை.
விண்டோஸ்: டார்ட்முண்ட்.
அந்தக் கடைசிச் சொல்லை நான் கேட்கவில்லை.
ஏதோ மாடலின் பெயர் என்று விட்டுவிட்டேன்.

கடையில் தால்ரிட்ஸ் என்கிற பையன்
'எதற்காகப் பயன்படுத்தப் போகிறீர்கள்?' என்றான்.
'இவர் தூங்குவதற்கு' என்றாள் விஸ்மா.
அவன் சிரிக்கவில்லை. கணினியைத் திறந்து,
காதை வைத்துக் கேளுங்கள் என்றான்.
குனிந்து கேட்டேன்.
பனி மூடிய தண்டவாளம் மாதிரி இருந்தது.

முதல் இரவு.
வெளியே மைனஸ் பதினாறு.
போர்வைக்குள் காத்திருந்தேன், தூக்கம் வரவில்லை.
அமைதிக்குள்ளிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது.
'எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு,
இல்லை, எட்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு...'
விஸ்மா முணுமுணுக்கிறாள்!
ஒவ்வொரு வாக்கியத்தையும்
எழுதும் முன் உதட்டில் வைத்துச் சுவை பார்க்கிறாள்.
ஏழு வருஷமாய் இதைத்தானா
அந்த விசிறி மூடிவைத்திருந்தது?
நீள உயிரெழுத்துக்குக் கோடு போடும் சாவி
இதில் வேறிடம் போலிருக்கிறது;
ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன வசவு.
அதையும் கேட்டேன்.
கேட்கக் கேட்க
இருமல் மருந்துகூட இனித்தது.

இரண்டு மணி இருக்கும்.
குரல் இன்னும் தணிந்தது.
'மதிப்பிற்குரிய திரு. ஓஸ்தென்டார்ப்,
உங்கள் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுவதால்
இனி உங்கள் கோப்புகளை ஏற்க இயலாத நிலை.
ஆறு ஆண்டுகள் அளித்த வேலைக்கு...'
நன்றி என்ற சொல்லில் நின்றாள்.
வேறொன்று தேடினாள். பிறகு நன்றியையே வைத்தாள்.

டார்ட்முண்ட் மாடல் இல்லை.
டார்ட்முண்ட் எங்கள் வாடகை.

கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டேன்.
கணக்கு எந்தப் பக்கமும் நேராகவில்லை.
எழுந்தேன். அலமாரி மேலிருந்து
பழையதை இறக்கிச் செருகினேன்.
தூசியோடு இருமி, இரைந்து,
'அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்' என்றது.

விஸ்மா நாற்காலியைத் திருப்பினாள்.
நாற்காலிக் கால் என் பாதத்தில் இடித்தது.
'தூங்கலையா?'
'அந்தக் கடிதம் போய்விட்டதா?'
'எந்தக் கடிதம்?'
'நீ முணுமுணுக்கிறாய், தெரியுமா?'
தெரியாதாம். காதுவரை சிவந்தாள்.
பிறகு திரையைக் காட்டினாள்:
கடிதம் அப்படியே நின்றிருந்தது.
அனுப்ப அவளுடைய சுண்டுவிரல்
பழகிய மூலைச் சாவியைத்தான்
தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.
'நாலு தடவை அழுத்தினேன்' என்றாள்.
'இதில் அது கட்டைவிரல் வேலையாம்.'

மூன்று இருபது.
கெட்டிலில் தண்ணீர் வைத்தேன்.