ஆறடி பத்து அங்குலம்

மகள் கொப்பியின் நடுவே கோடு கிழித்தாள்.
இடப்பக்கம் வெள்ளை, யப்பான்.
வலப்பக்கம் நீலம், கொரியா.
"ரெண்டிட்டயும் ஒரே கேள்விதான் கேக்கோணும் அம்மா,
இல்லாட்டி அது நீதியில்லை."
பதினொரு வயது. நீதவான்.

லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்: வெள்ளை.
பின் சீற்றில் மூன்று பேர் இடிபடாமல்: நீலம்.
டிக்கி என்ன கொள்ளும் என்று பார்க்க
ஸ்ரான்லி வீதிக்கு வீட்டுச் சாமானே கொண்டுபோனோம்.
சுருட்டிய பாய் இரண்டு, இருபது லீற்றர் தண்ணிக் கான்,
யதுசனின் கிரிக்கெட் பை.
விற்பனைப் பொடியன் டிலக்சன் சிரிக்கவில்லை.
"எல்லாரும் இப்பிடித்தான் வருவினம் அக்கா,
போன கிழமை ஒராள் தவில் கொண்டுவந்தவர்."

விலை சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினான்,
செத்தவீட்டில் தேத்தண்ணி கேட்பவனைப்போல.
இரண்டுக்கும் இடையில் பதினொரு இலட்சம்.
லீசிங்கில் மாதங்களாய் உடைத்தால் சின்னக் கல்தான்.
ஆனால் அறுபது தரம் விழும்.

ஓடிப் பார்த்தோம்.
வெள்ளையில் நாவற்குழிப் பாலம்வரை.
சந்தியில் சத்தமே இல்லை;
"மோட்டர் நிண்டிட்டுது" என்று மகன் பயந்தான்.
நீலத்தில் பண்ணையால் மண்டைதீவுச் சந்திவரை.
கடற்காற்று பக்கவாட்டில் அறைய அறைய
ஸ்ரியரிங் என் கைக்குள் அசையாமல் கிடந்தது.
இரண்டிலும் வாகீசன் பக்கத்து சீற்றில்.
பேசியதெல்லாம் ரயர், உதிரிப்பாகம்,
திருப்பி வித்தால் என்ன வரும்.

நான் பார்த்தது வேறு.
வெள்ளையில் அவர் முதலில் இருந்தார்.
பிறகு இடது முழங்காலுக்குக் கீழே
காற்சட்டைத் துணியைப் பிடித்து
காலை உள்ளே தூக்கி வைத்தார்,
மறந்த குடையை எடுத்து வைப்பதுபோல்.
பதினாறு வருசமாய் ஓட்டோவிலும் அப்படித்தான்.

நீலத்தில்
கதவைத் திறந்தார். இருந்தார்.
கதவு சாத்துப்பட்டது.

அவருக்கே தெரியவில்லை.
கண்ணாடியைத் திருத்துகிற மாதிரி
நான் கொஞ்சநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொப்பியில் அதற்கு ஒரு வரி இல்லை.
மகள் கூட்டினாள்: வெள்ளை ஒன்பது, நீலம் ஏழு.
"வெள்ளைதான்," என்றார், "கணக்குச் சொல்லுதெல்லே.
எங்கட ஒழுங்கைக்கும் அதுதான் சரி."

ஒழுங்கை.
கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை
வளவுகள் தின்று மெலிந்தது.
மதில் ஒவ்வொன்றும் எழும்பும்போது ஒரு சாண்,
ஒருவரும் காணாத ஒரு சாண்.

பிள்ளைகள் படுத்தபிறகு
தையல்பெட்டி ரேப்போடு இறங்கினேன்.
ஐந்தடி ரேப்; இரண்டுதரம் வைக்கவேண்டும்.
பத்மலோஜினி ரீச்சரின் கேற் தூணடியில்தான் ஆக ஒடுக்கம்,
அங்கே ஒரு குரோட்டன் சாடி வேறு.
ஆறடி பத்து அங்குலம்.
வெள்ளை, இரண்டு கண்ணாடியும் விரித்து, ஆறடி எட்டு.
நீலம் ஏழடிக்கு ஒரு நூல் குறைவு.
கண்ணாடியை மடித்தால் போகும்.
மடித்து, மூச்சையும் பிடித்தால்.

மூன்றாம் தரம் குனிய, முதுகில் ரோச் வெளிச்சம்.
"ஆரது? என்னத்தை அளக்கிறீர்?"
"வாகனம் எடுக்கப்போறம் ரீச்சர், அதுதான்."
வெளிச்சம் என்னை விட்டுத் தூணுக்குப் போனது,
தூணை விட்டு நிலத்துக்கு இறங்கி
அங்கேயே நின்றது.
"மதில் எங்கட உறுதிப்படிதான் கட்டினது."
"ஓம் ரீச்சர்."
"என்ன வாகனம்?"
"இன்னும் முடிவெடுக்கேல்லை," என்றேன்,
ரேப்பைச் சுருட்டிக்கொண்டு.

காலையில் சாடியைக் காணவில்லை.
அது இருந்த இடத்தில் ஈரமாய் ஒரு வட்டம்.
ரீச்சர் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா, நிமிரவில்லை.

வங்கிக்குப் போகிற வழியில் டிலக்சனுக்கு அடித்தேன்.
"நீலத்தில கண்ணாடி
தானாய் மடியுமோ, கையால மடிக்கோணுமோ?"