பி-ஏழு

சூரியன் விடுப்பில் போய் ஒன்பது நாள்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு,
அதனால் இவாலோ பள்ளியில் இன்று
இடைவேளைக்கு யாரையும் வெளியே விடவில்லை.
கம்பளிக் காலுறைகளோடு சின்னதுகள்
தாழ்வாரத்தில் சறுக்குகின்றன.
மற்றவர்கள் மடிக்கணினிக்குள் தலையை விட்டிருக்கிறார்கள்.

அவர்கள் தேடுவதெல்லாம்
என் திரையில் வரிவரியாக வந்து விழும்.
பள்ளியில் ஓடும் விளையாட்டு.
பள்ளியில் தடுக்காத விளையாட்டு.
பள்லியில் விளயாட்டு சீக்கிரம்.
கடைசி ஆள் மூன்றாம் வகுப்பாக இருக்க வேண்டும்.

மூன்று பள்ளிகளுக்கும் நான் ஒருத்திதான்.
திறப்பதும் அடைப்பதும் பிரிண்டரை உதைப்பதும்.
காலையில் ஒன்றை அடைத்தால்
மதியம் பட்டாணி சூப் ஆறுவதற்குள் இரண்டு முளைக்கும்.
கணிதப் பயிற்சி என்று பெயர் வைத்துக்கொண்டு
உள்ளே குரங்கு வாழைப்பழம் எறியும்.
புவியியல் என்பான், உள்ளே லாரி பந்தயம்.
ஒரு தடவை நானே லாரி ஓட்டிப் பார்த்தேன்
(சோதனைக்குத்தான்),
நாற்பது நிமிடம்.

அந்தக் கப்பல் ஆட்டத்தை மட்டும்
எந்த வலையும் பிடிக்கவில்லை.
படம் இல்லை, சத்தம் இல்லை,
கட்டம் போட்ட வெறும் பக்கம்.
கட்டத்தைச் சொன்னால் குண்டு விழும்,
கப்பல் இருந்தால் மூழ்கும்.
ஒருவர் ஆடி மற்றவர் ஆட வேண்டும்.
யாருக்கு இருக்கிறது இந்தக் காலத்தில் அந்தப் பொறுமை?

இருவருக்கு இருந்தது.
இவாலோவிலிருந்து தைஸ்தோ, ஆறாம் வகுப்பு.
இன்னொரு முனை
நூற்றைம்பது கிலோமீட்டர் வடக்கே, செவெத்தியார்வியில்.
அங்கே ஆறாம் வகுப்பு என்றால்
தார்யா மட்டும்தான்.
அவள் வராத நாளில் ஆறாம் வகுப்பும் வராது.

எப்படிச் சந்தித்தார்கள் என்று பதிவேடு சொல்லாது.
முகவரியின் வாலில் கட்டத்தின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும்.
9:14, செவெத்தியார்வி, சி-நான்கு.
9:15, இவாலோ, எச்-ஒன்று.
பிறகு இரண்டு பக்கமும் பாடம்.
10:02, செவெத்தியார்வி, சி-ஐந்து.
சி வரிசையில் எதையோ மோப்பம் பிடித்துவிட்டாள் இவள்.
தைஸ்தோ மூலைகளையே சுட்டுக்கொண்டிருந்தான்,
மூலையில் யாரடா கப்பலை வைப்பார்கள்?

விதிப்படி அன்றே அடைத்திருக்க வேண்டும்.
நாளைக்கு என்றேன்.
நாளை வந்தது, நாளைக்கு என்றேன்.

ஞாயிறு இரவு மென்பொருள் தானாகவே புதுப்பித்துக்கொண்டு
நான் தள்ளிப்போட்டதை முடித்துவைத்தது.
திங்கள் 9:14, மறுப்பு.
9:14, மறுப்பு.
9:16, மறுப்பு.

செவ்வாய் காலை, புகார்ப் பெட்டியில்,
புரொஜெக்டர் பச்சையாகத் தெரிகிறது என்பதற்கும்
நூலகத்தில் எலி இருக்கிறது என்பதற்கும் நடுவில்
(எலி என் துறை அல்ல)
ஒரே ஒரு வரி:

அது என் முறை.

தயவுசெய்து இல்லை, ஐயா அம்மா இல்லை.
பக்கத்தைத் திறக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை.
நடந்த அநியாயத்தைத் தெரிவித்திருந்தாள், அவ்வளவுதான்.

திறந்தேன்.
காரணம் எழுதாமல் படிவம் விடாது.
கல்வி என்று போட்டேன், அழித்தேன்.
வடக்கு என்று போட்டேன், அழித்தேன்.
முறை என்று எழுதி அனுப்பினேன்,
மேலே இருப்பவர்கள்
ஏதோ நடைமுறை என்று படித்துக்கொள்ளட்டும்.

புதன் 9:14, செவெத்தியார்வி, பி-ஏழு.

9:15இல் ஒன்றும் இல்லை.
9:30இல் ஒன்றும் இல்லை.
வருகைப் பதிவைத் திறந்து பார்த்தேன்,
பார்க்க எனக்கு அனுமதி இல்லாத பதிவு.
தைஸ்தோவுக்குக் காய்ச்சல்.

அங்கே அதே பக்கத்தை
மதியத்துக்குள் முப்பத்தொரு தடவை திறந்து பார்த்திருக்கிறாள்.
நான் அதை எண்ணிக்கொண்டிருந்தேன்,
காபி ஆறிப்போனது,
புரொஜெக்டர் இன்னும் பச்சை.