கிழிசல்

போன வாரம் கூரைத்தாளை மாற்றினார்கள்.
புற ஊதாவை வடிகட்டும் தாள். வெள்ளை ஈ அண்டாதாம்.
எங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை:
தக்காளிப் பூ அதே மஞ்சள்,
வெஸ்ட்லாந்து வானம் அதே அலுமினியத் தட்டு.

அட்டைப்பெட்டியில் விலைக்கு வந்த வண்டுகளுக்கு மட்டும்
யாரோ வானத்தை அணைத்துவிட்டார்கள்.

போனதில் பாதி பெட்டிக்குத் திரும்பவில்லை.
பதினோராம் வரிசையின் மேல்
ஆணி இழுத்த கிழிசல், சுண்டுவிரல் நீளம்.
அங்கே அப்பிக் கிடந்தன,
ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி.

ஏணி போட்டு நானும் அதில் கண்ணை வைத்தேன்.
மேகம். அவ்வளவுதான்.

வண்டு விற்க வரும் யோர்ன் சொல்லியிருக்கிறான்,
நம் கண்ணின் வில்லையும் அந்தத் தாள் மாதிரிதான்,
முந்நூற்று நாற்பது நானோமீட்டரெல்லாம்
உள்ளே விடாது என்று.
பிறக்கும்போதே கூரை போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

"ஹல்ஷ்கா, அதை அடைத்துவிடு,"
கீழிருந்து வீப்ரன் ஒட்டுநாடாவை எறிந்தார்.

ஒட்டினேன்.
ஒரு ஓரத்தில் மட்டும், தாள் ஈரமாக இருந்ததால்,
நாடா பிடிக்கவில்லை.

தாள் ஈரமாக இல்லை.