கடின நீர்

ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர்
வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.
நான் மறந்துவிட்டேன்.
மறந்தால் என்ன,
தருமபுரி பஸ் நிலையத்தில் குழாய் இருக்கிறது,
சீனியரின் ரெக்கார்டு நோட்டில் விடை இருக்கிறது.

பதினெட்டு புள்ளி நான்கு.
பியூரெட்டைக் கழுவும் முன்பே
பென்சிலால் எழுதிவைத்தேன்.
அப்படித்தான் பழக்கம்:
விடையிலிருந்து பின்னோக்கி நடந்துபோய்
கேள்வியின் வாசலில் கும்பிட்டு நிற்பது.

எங்கள் விடுதிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பே கிடையாது.
பன்னிரண்டை இரண்டு வருடம் படித்தோம்.
நாலரைக்கு மணி.
குளித்த ஈரத்தோடு மைதானத்தில் உட்கார்ந்து
ஐந்து மார்க் கேள்விகளைத்
தரையைப் பார்த்து ஓதுவோம்.
கைடில் அச்சுப்பிழையாய் வந்த ஒரு வரியை
அறுபது பேரும் அப்படியே எழுதினோம்,
அறுபது பேருக்கும் முழு மார்க்.
சந்தேகம் வந்தவன் முட்டிபோட்டான்.
இன்னமும் நாலரைக்கு விழித்துக்கொள்கிறது உடம்பு.
எதைப் படிக்க என்றுதான் தெரிவதில்லை.

பெயர் வரிசையில் எனக்கு அடுத்தவன் தீர்த்தகிரி.
சித்தேரி மலைமேல் உண்டு உறைவிடப் பள்ளி.
"கெமிஸ்ட்ரிக்கு ஒரு சார் வந்தாரு.
மழைல ரோடு போச்சு, அவரும் போயிட்டாரு"
என்பான், வானிலை சொல்வதுபோல.
நாலு பேர் ஒரே புத்தகத்தைச் சத்தமாக வாசித்து
இது இப்படி, இல்லை அப்படி என்று
சண்டைபோட்டே முடித்தார்களாம் பாடத்தை.
சோடா உப்பில் புளி கரைத்து ஊற்றிச்
சமையல்காரரிடம் கரண்டியடி வாங்கியதும்
அதில் ஒரு பாடம்.

அவன் கொண்டுவந்தது ஊற்றுத்தண்ணீர்.
அடியில் ஒரு இலைத்துணுக்கு.
பஃபர் ஊற்றினான், நெடியில் கண் கலங்கினான்,
நிறங்காட்டி இரண்டு சொட்டு.
ஒயின் சிவப்பு என்றேன் புத்தகத்தைப் பார்த்து.
"ஒயின யாருடா பாத்தா? நாவப்பழம்."
திருகைத் திறந்தான்.
மூன்று மில்லியிலேயே நீலம்.

தப்பு என்றேன்.
மறுபடி செய்தான். மூன்று புள்ளி ஒன்று.
மறுபடி. மூன்று.
"பதினெட்டு வரணும்டா."
"ஏன் வரணும்?"

கேலி இல்லை அதில். தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.
ரெக்கார்டைக் காட்டினேன்.
"இது எந்த ஊர்த் தண்ணி?"
அட்டையைத் திருப்பினேன்:
மூன்று வருடம் முன்பு படித்துப்போன யாரோ ஒரு அக்கா,
பென்னாகரம்.

பென்னாகரத்துக் கிணறு ஒன்று
பாய்ந்துகொண்டிருந்தது
முப்பத்தெட்டு நோட்டுகளில்.

என்னுடையதற்கு மேடம் கையெழுத்துப் போட்டார்.
அவனுடைய மூன்றைச் சிவப்பில் வட்டமிட்டு
திரும்பச் செய் என்றார்.
அவனும் திரும்பச் செய்தான்.
மூன்று.

இன்டர்னல் தேர்வில் ஐம்பதுக்கு ஒன்பது எடுத்தான்.
தெரிந்ததையெல்லாம் கதையாய் எழுதியிருந்தான்,
பாயிண்டே இல்லை.
அன்று சாயந்தரம் கேன்டீன் பின்னால் வந்து
கூச்சத்தோடு கேட்டான்:
"மனப்பாடம் எப்படிடா பண்றது? எனக்கும் சொல்லு."
கண்ணை மூடு, பக்கத்தை நினை,
இடதுபுறம், மூன்றாம் பத்தி என்று
சொல்லிக்கொடுத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
"பக்கம் தெரியுது. சொன்ன விஷயத்தக் காணோம்" என்றான்.
போகப் போகச் சரியாகிடும் என்று
பொய் சொன்னேன்.

புளோரோசிஸ்: இரண்டு மார்க்.
காரணம், அறிகுறி, தடுக்கும் முறை.
வரி மாறாமல் எழுதியிருக்கிறேன் எத்தனையோ முறை.
பழுப்புக் கோடு ஓடும் என் முன்பற்களைப்
பாடமாக ஒருநாளும் பார்த்ததில்லை.

அடுத்த செவ்வாய் லேபுக்கு
காரிமங்கலத்தில் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரை
இரண்டு லிட்டர் பாட்டிலில் எடுத்துப்போனேன்.
பென்சில் பையிலேயே கிடந்தது.
தீர்த்தகிரி பக்கத்தில் நின்றான்,
உதடசைய எதையோ உருப்போட்டுக்கொண்டு.

பத்து. பதினைந்து.
பதினெட்டு புள்ளி நான்கில்
தானாகத் திருகுக்குப் போனது கை.
மூடவில்லை.
இருபது. இருபத்தாறு.
நாவப்பழம் நாவப்பழமாகவே இருந்தது.
பியூரெட் தீர்ந்துகொண்டிருந்தது.
மறுபடி நிரப்ப
புனலைத் தேடினேன்.